பக்க இடைவெளி

வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சள்.
மஞ்சளென்றால் குடியிருப்பு.
மஞ்சளுக்குள் நாலு பரோட்டாக் கடை, ஒரு ஸ்கேன் சென்டர்,
ரப்பர் ஷீட் எடைபோடும் கொட்டகை,
ராத்திரி பதினொன்றுக்கும்
களியக்காவிளைக்கு ஆள் கூவும் வேன்.
நீலமாகப் போகிறதாம் வருகிற தையில்.
நீலம் வணிகம்.
ஒரு பென்சில் மாறினால் செண்டுக்கு எவ்வளவு ஏறும்
என்று வெட்டூர்ணிமடம் டீக்கடையில் சொல்லாத வாய் இல்லை.

எட்வின் செல்லையா மஸ்கட்டில் இருந்து வந்திருக்கிறார்.
ஒன்பதரை செண்டு. ரெண்டு மாடி நிற்கிறது.
"இன்னும் மூணு கேறுமா, பாத்துச் சொல்லணும் கேட்டியளா?"
ரோட்டு அகலம் கேட்டேன்.
"அப்பாவுக்க காலத்திலயே லாரி வந்த ரோடாக்கும்."
டேப்பைப் பிடித்தோம்.
ரசலையன் மதில் துருத்தும் இடத்தில் மட்டும்
நாலு விரற்கடை குறைவு.
நாலு விரலுக்கு ஒரு மாடி போயிற்று.
எட்வின் அந்த மதிலை வெகுநேரம் பார்த்தார்.
அதன்மேல் ரசலையனின் மருமகள்
துவைத்த மிதியடிகளைக் காயப்போட்டிருந்தாள்.

மூல ஆதாரம் மலையாளத்தில்.
பாறசாலைக்குக் கொண்டுபோய்
ஆதாரம் எழுதும் ரவீந்திரன் பிள்ளையிடம் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்:
ஒரு பறை வித்துப்பாடு.
கிழக்கே நடவழி.
வடக்கே தண்ணீர் ஒழுகும் சால்.

எத்தனை விதை இறங்கும் என்று
மண்ணை அளந்திருக்கிறார்கள்.
நான் எத்தனை தரை ஏறும் என்று அளக்கிறேன்.
மனைக்கு ரெண்டு மடங்கு சும்மா கிடைக்கும்,
அதற்குமேல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்
வானத்தைச் சதுர அடிக் கணக்கில்.
வடக்கே சால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
ஐப்பசியில் அது தானே வந்து சொல்லும்,
ஸ்கேன் சென்டரின் படியேறி.

என் அறையைப் பற்றிச் சொல்லவில்லையே.
எட்வின் கட்டடத்தின் தெற்குச் சுவருக்கும்
காம்பவுண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்.
மேலே தகரம், கீழே சிமெண்ட், முன்னால் ஷட்டர்.
மேசை போட்டபின் வருகிறவர் குறுக்காகத்தான் உட்காரலாம்.
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
பதினோரு வருடமாக இங்கே இருந்துதான்
ஊருக்கெல்லாம்
பக்க இடைவெளி விட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அந்த சைடு வெளியாட்டுக் காட்டிருங்க மேடம்.
இடிக்கல்லாம் மாட்டேன்.
பேப்பர்ல மட்டும்."
மாட்டேன் என்பதில் ஒரு இப்போதைக்கு இருந்தது.

வரைவது சுலபம்.
போடாத சுவரை அழிக்க வேண்டியதில்லை,
வெள்ளையாக விட்டால் போதும்.
அதற்குள் திறந்தவெளி என்று எழுதினேன்.
எழுத்து கொள்ளவில்லை.
நெடுக்காகத் திருப்பிப் போட்டேன்.

பார்வையிட வந்த பொறியாளர் ஷைனி
வெயிலுக்கு ஒதுங்கி என் நாற்காலியில்தான் இருந்தாள்.
ஃபேனைக் கூட்டச் சொன்னாள்.
டேப்பின் ஒரு நுனி நான், மறுநுனி அவள்.
நடுவில் அது என் சோற்றுப் பாத்திரத்தின் மேல் வளைந்தது.
"லெவலாப் பிடிங்க."
பாத்திரத்தைக் கீழே இறக்கினேன்.
ஒன்று புள்ளி ஐந்து.
எழுதிக்கொண்டாள்.
பிறகு, தலை நிமிராமல்,
"திறந்தவெளிதானே?"
ஆமா என்றேன்.
போகும்போது தகரத்தில் தலை இடிக்காமல்
பழகியவள்போலக் குனிந்து போனாள்.

ரெண்டு கேறும், மூணு கேறாது என்று
எட்வினுக்கு மெசேஜ் அனுப்பினேன்.
கீழே இன்னொன்றும் அடித்தேன்:
வாடகையில் மாற்றம் இருக்காதல்லவா.

ரெண்டு டிக்கும் உடனே நீலமாயின.
பதில் இல்லை.