கொல்லை

கோட்டைக்குள் போக இருபது வெள்ளி.
சீட்டுக் கிழிப்பவள் நான்.
காலையில் வரும் முதல் கேள்வி அநேகமாக
கடற்கொள்ளையர் எந்தப் பக்கமாக வந்தார்கள் என்பதுதான்.
வரவில்லை என்பேன்.
காசைத் திருப்பித் தா என்பதுபோல் பார்ப்பார்கள்.

முதலில் இங்கே நின்றது மதில் இல்லை,
நிபோங் மரத்தை வெட்டி ஊன்றிய வேலி.
புதர் வெட்ட ஆள் போதாமல்
பீரங்கிக்குள் வெள்ளிக்காசு திணித்துக்
காட்டைப் பார்த்துச் சுட்டார்களாம்.
கதை, நம்பாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள்
பிள்ளைகள் புல்லில் குனிந்துவிடும்.

பிறகு செங்கல், சுண்ணாம்பு.
சுமக்க வந்தவர்கள் விலங்கோடு வந்தார்கள்,
வங்காள விரிகுடாவை அடித்தட்டில் கடந்து.
குற்றம் என்னவென்று
நெற்றியில் பச்சை குத்தியிருந்தது.

பலகையில் அவர்களுக்கு ஒரே சொல்: கைதிகள்.
அதனால் ஒருவனை நானே செய்துகொண்டேன்.
இருளப்பன்.
பஞ்ச வருஷத்தில் கும்பினிக் களஞ்சியத்தின்
ஓட்டைப் பிரித்து இறங்கியவன்.
ஏழு மரக்கால் நெல்.
ஆயுள்.

ஊசி பிடித்தவனுக்கு எழுத்து அரைகுறை.
'கொள்ளை' என்று குத்தச் சொன்னால்
'கொல்லை' என்று குத்திவிட்டான்.
அடித்துத் திருத்த இடமில்லை, நெற்றி சிறிது.
சாண் நிலம் இல்லாதவனுக்கு
புருவத்துக்கு மேலே ஒரு கொல்லை.
தன் தலையெழுத்தைத் தானே வாசித்தவர் யார்?
கூடக் கல் சுமந்த ஒருவன்தான்
எழுத்துக்கூட்டிச் சொன்னான்.
விலங்கு குலுங்கச் சிரித்தார்கள்
என்று வைத்துக்கொள்கிறேன்.

திருடனைக் கொண்டே
திருடனுக்கு எதிராகச் சுவர்.
ஒருநாள் சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு
மேஸ்திரியிடம் கேட்டான்:
"வரப்போறவன் எத்தனை மரக்காலுக்கு வாறான்?"
மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது.
சட்டியைத் தூக்கு என்று கைகாட்டினான்.

எவனும் வரவில்லை.
பீரங்கிகள் கப்பல்களுக்கு வணக்கம் சொல்லியே
வாய் மூடின.
அகழிக்குள் படையெடுத்தது கொசு;
காய்ச்சலுக்குப் பயந்து தூர்த்தார்கள்.
ஒரு டிசம்பரில் வந்தவர்கள்
வானத்தில் வந்தார்கள்.
மதிலுக்கு
அண்ணாந்து பார்க்கத் தெரியாது.

தூர்த்த அகழியை மறுபடி தோண்டினார்கள் அல்லவா,
அந்த வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்கள்.
நெற்றியில் ஒன்றும் இல்லை.
கடவுச்சீட்டு முதலாளியின் மேசை டிராயரில்.
மதிய வெயிலில் மதில் நிழலில் ஒடுங்கி உட்கார்ந்து
வீட்டுக்கு வீடியோ பேசுவார்கள்,
பின்னால் கடல் தெரிகிறமாதிரி
போனைத் திருப்பித் திருப்பி.

அதில் ஒருவன், ஷஃபிகுல்,
தெற்குச் சுவரடியில்
நாலு மிளகாய்ச் செடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
நிர்வாகத்துக்குத் தெரியாது.
கதவு பூட்டுமுன் என் பாட்டிலில் மிச்சமிருப்பதை
அங்கே ஊற்றிவிட்டு ஃபெர்ரிக்கு ஓடுவேன்.

போன வாரம் ஒன்று காய்த்தது.
கடித்துப் பார்த்தேன்.
நல்ல காரம்.