கேட்டுட்டுத்தான் தொடுவேன்

பதினொன்று நாற்பதுக்கு
பழவந்தாங்கலில் மின்விசிறி நின்றது.

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
மொட்டைமாடியில் எட்டுப் பலகை நிறைய வெயில்,
வழிந்து படியிறங்கி வருமளவு வெயில்.
ஆனாலும் நின்றது.
கிரைண்டரில் பாதி அரைந்த உளுந்து
கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

முபாரக்குக்கு போன் போட்டேன்.
தை மாதம் வந்து மாட்டிவிட்டுப் போனவன்.
ஒன்றரை லட்சம் கடன், வராத மானியம்,
கம்பி போட இடித்துப் பூசாமல் விட்ட சுவர்,
எல்லாம் ஒரே மூச்சில் வந்தது வாயில்.
முடிக்கிற வரை பொறுத்திருந்து சொன்னான்:
"லைன்ல கரண்ட் இல்லன்னா
நம்ம பெட்டியும் தூங்கிடும்க்கா.
பேட்டரி வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

நான்தான் சொன்னேன்.
அவன் எழுதிய கொட்டேஷனில்
அந்த ஒரு வரியை நானே பேனாவால் அடித்தேன்.

முதல் மாதங்களில்
தங்கம் விலை பார்ப்பதுபோல் மீட்டர் பார்த்தேன்.
ஒரே பெட்டியில் இரண்டு எண்:
வாங்கியது, கொடுத்தது.
ஒரு ஞாயிறு நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது
ஒன்பது யூனிட் கேட் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.
யார் வீட்டு மிக்ஸியில் சுற்றியதோ,
யார் சட்டையைத் தேய்த்ததோ,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

விமானம் இறங்கும்போது அதன் நிழல்
எட்டுப் பலகையையும் ஒரே எட்டில் மிதித்துப் போகும்.
அதை மீட்டர் பெரிதுபடுத்துவதில்லை.
மெர்சி டீச்சர் வீட்டுத் தென்னைதான்
மூன்றரைக்கு ஏழாம் பலகைமேல் கை போடும்.
ஒரே ஒரு மட்டை வெட்டச் சொன்னதற்கு
ஒன்றரை மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

குடை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்,
யாரையாவது ஏசலாம் என்றுதான்.

கம்பத்தில் மூங்கில் ஏணி.
உச்சியில் தணிகாசலம்.
ஒரு கையில் ரப்பர் உறை,
மறு கையில் உறை இல்லை.
கீழே பையன் ஒருவன் ஏணியைக் கட்டிப்பிடித்து நின்றான்,
தார் உருகி அவன் செருப்பைப் பிடித்திருந்தது.
"பதினாலாம் நம்பர் சோலார் வீடுதானே மேடம்?
ஆஃப் ஆயிடுச்சா?"
"தானாவே நின்னுடுமாம்."
"தெரியும்.
ஆனாலும் கேட்டுட்டுத்தான் தொடுவேன்.
மேடவாக்கத்துல ஒருத்தர் வீட்டு ஜெனரேட்டர..."
குறடைப் பல்லில் கடித்துக்கொண்டார்.
மிச்ச வாக்கியம் அதன் பின்னாலேயே இருந்துவிட்டது.

ஏச வைத்திருந்ததை எல்லாம்
திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

தேவையே இல்லை.
முபாரக் சொன்னான், அவரும் சொன்னார்,
பெட்டியில் சிவப்பு விளக்கும் சொன்னது.
என்றாலும் போய்
இன்வெர்ட்டர் அருகே உள்ள சிவப்புக் கைப்பிடியைக்
கீழே இழுத்துவிட்டு
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.
தலைக்குமேல் அத்தனை வெயில்
உள்ளே வரலாமா என்று கேட்காமல்
வாசலிலேயே நின்றது.
என் வீட்டு வெளிச்சத்துக்குப்
பல் இருக்கிறதென்று
அன்றுவரை நான் நினைத்ததில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு விசிறி சுற்றியது.
நான் உடனே கைப்பிடியைத் தூக்கவில்லை.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
அவர் இறங்கி, பாட்டில் தண்ணீரில் பாதியைக் குடித்து
மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.
பையன் ஏணியைத் தோளில் வைத்தான்.
ஏணியின் பின்நுனி
பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மறைந்தது.
அப்புறம்தான் தூக்கினேன்.

பெட்டி முந்நூறிலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியது.
சட்டென்று சேராதாம்,
லைன் நிலைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சேருமாம்.
இருநூற்றுப் பன்னிரண்டில் காலிங் பெல்.
மெர்சி டீச்சர்.
"உங்க வீட்லயும் போச்சா?
சோலார் இருந்துமா?"
சிரிப்பை அடக்கத் தெரியாத முகம்.
"உள்ள வாங்க டீச்சர்" என்றேன்.

அன்றைக்கு மூன்று யூனிட் குறைவு.
மாவு சீக்கிரமே புளித்துவிட்டது.