உங்க ஆளுதானே

டிரான்ஸ்பார்மரின் எர்த் கம்பியை அறுத்தவனைப்
பிடித்து உட்காரவைத்திருந்தார்கள்
மார்த்தாண்டம் ஸ்டேஷன் பெஞ்சில்.
மின்வாரியத்தின் சார்பில் கையெழுத்துப் போடப் போனேன்.
பதினாறு வயது. ஒரு காலில் மட்டும் செருப்பு.
"காலனிப் பய. உங்க ஆளுதானே?"
என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

தெரியாது என்றேன்.

ஸ்டெல்லாவின் இளையவன். ஷிபின்.
அவன் ஞானஸ்நானச் சோறு
தின்ற வாய் இது.

அன்று ராத்திரி மழை. பம்மத்தில் லைன் போயிற்று.
கம்பத்து உச்சியில் பெல்ட்டில் தொங்கியபடி
ஆமா, எங்க ஆளுதான் என்றேன்.
கீழே டார்ச் பிடித்திருந்த ஜஸ்டஸ்
"என்னண்ணே?" என்றான்.

வெள்ளிதோறும் நாகர்கோவிலில்
நன்னடத்தை அலுவலர் முன் அவன் நிற்க வேண்டும்.
டூட்டி மாற்றிக்கொண்டு கூடப் போனேன்.
தக்கலை தாண்டும்வரை பேச்சில்லை.
"இதுக்குச் சம்பளம் உண்டா?"
இல்லை.
"பிறகு எதுக்கு?"
வில்லுக்குறி வந்தது, பதில் வரவில்லை.

இரண்டாம் வெள்ளி ஆளைக் காணோம்.
மேம்பாலத்தின் கீழே ஒரு பைக்கில் மூன்று பேர்,
என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
நான்காவதில் கேட்டான்:
"ஷாக் அடிச்சிருக்கா?"
அடித்திருக்கிறது. முதல் தடவை அழுதேன்.
"நெசமாவா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐந்தாவதில் நான் போகவில்லை. மகளுக்குப் பரீட்சை.
மறுவாரம் பஸ் ஏறியதுமே,
"ஏன் வரல?"

அந்த இரண்டு சொல்லைத்தான்
உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.
பேங்க் கண்ணாடிக்குள் இருக்கும் றோஸ்பெல்,
குவைத் காசில் மூணு மாடி கட்டிய சுதர்சிங்,
விலாசத்திலிருந்து காலனியை
அடித்துவிட்ட டீச்சரம்மா,
குற்றம் சொல்ல வரவில்லை.
நானும் தெரியாது என்றவன்தான்.

உபதேசம் வேண்டாம், காது நிறைய வாங்கியிருக்கிறார்கள்.
பழைய சட்டையும் வேண்டாம்.
"உங்க ஆளா?" என்று எவனோ கேட்கும்போது
பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்,
நம்ம நிறத்தில், நம்ம தெருவில் அடி வாங்கி,
இன்று சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் ஆள்.
வாரம் ஒரு நாள். பஸ் கூலி, இரண்டு டீ.

நம்ம வட்டாரத்தில் பதினோரு பிள்ளைகள், ஷிபின் நீங்கலாக.

அவனும் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.
நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை.
வெள்ளி வரட்டும்.
ஏன் வரலன்னு
இந்தத் தடவை நான் கேட்கிறேன்.