ஆறாவது பாட்டில் நான் இல்லை

பொரளையில் ஒரு மலர்ச்சாலைக்கு மேல்மாடி.
வாடகை ஏன் குறைவு என்று
நாங்கள் கேட்கவில்லை.
மூன்று மாதம் அங்கேதான்
எங்கள் முதல் அல்பம் வெந்தது.

வெந்தது என்றே சொல்வேன்.
யன்னல்களுக்குப் பழைய மெத்தை அடைத்து,
ஒலிவாங்கியில் விழும் என்று மின்விசிறியை நிறுத்தி,
ஏப்ரல் மாதத்தில்
கழுத்துவரை கறுப்பு லேஸ் போட்டு நின்று
பாடினாள் ரொஸாரியா.
கண்மை கன்னத்தால் இறங்கித் தாடையில் சொட்டியது.
"ஒருத்தரும் பாக்கேல்லத்தானே, ரீசேர்ட்டோட பாடன்" என்றேன்.
"பாட்டு பாக்குது" என்றாள்.

குழுவின் பெயர் எட்டுச்செலவு.
அச்சகத்துப் பொடியன் அதை இரண்டாகப் பிரித்து
எட்டு, செலவு என்று அடித்துத் தந்தான்,
கடைக் கணக்கு மாதிரி.
சுவரொட்டியைப் பார்த்து ஒரு அன்ரி
மிச்சம் எவ்வளவு என்று கேட்டா.

கிற்றார் தினெத்.
ஒப்பாரியின் சொல் அவனுக்கு விளங்காது,
மூச்சு எங்கே முறியும் என்பது விளங்கும்.
அந்த முறிவில் எதிரொலியைத் திறந்துவிடுவான்,
பூட்டிய தேவாலயத்துக்குள்
எங்கோ ஒரு கதவு அடிபடும்.

லோகேஸ்வரன் தப்பு.
மஸ்கெலியாவில் காமன் கூத்துக்கு அடித்த கை
பகலில் பஞ்சிகாவத்தையில் கியர்பெட்டி விற்கிறது.
தோல் தளர்ந்தால் தீயில் காட்டவேணும்.
ரொஸாரியாவின் தலைமுடி உலர்த்தியைக் காட்டிப் பார்த்தான்,
தோல் சிரித்தது.
பிறகொரு நாள் தகரத் தட்டில் பேப்பர் கொளுத்த
புகைமணி அலறியது.
கீழே பெட்டிக்குள் இருந்தவரைத் தவிர
எல்லோரும் வீதிக்கு ஓடினோம்.
அந்த அலறல்தான் மூன்றாவது பாட்டின் தொடக்கம்.

நான் பேஸ்.
யாரும் பேட்டி எடுத்தால்
நான்தான் அத்திவாரம் என்று சொல்ல
ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

செவ்வாய் இரவு,
ஆறாவது பாட்டு, பதினோராவது தடவை.
கதவில் தட்டு.
வெள்ளைச் சேர்ட், மடித்த கை, செருப்பில்லாத கால்.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று
முகத்தைத் தாழ்த்தினேன்.

"தம்பி, நீட்டு வயர் ஒண்டு இருக்கே?
ஃபான் எட்டேல்ல.
அண்ணருக்கு வெக்கையா இருக்கு."

இருந்தது ஒன்று.
அது என் அம்பிளிபயரில் இருந்தது.
கழற்றிக் கொடுத்தேன்.
கழற்றும்போது ஒரு டுப்.

அவர்கள் நிறுத்தவில்லை.
தினெத் கையை எடுத்துவிட்டான்.
தப்பும் குரலும் மட்டும் போயின.
ஊமைப் பேஸை மடியில் வைத்துக்கொண்டு
நான் மூச்சு விடவும் பயந்தேன்.
கீழே ஃபான் சுழலத் தொடங்கியது.
மேலே அவள்
நாங்கள் தேத்தண்ணி குடித்தபடி உண்டாக்கிய,
ஊர் இல்லாத, வயது இல்லாத ஒரு ராசாவை
எழும்படா எழும்படா என்று
தட்டிக்கொண்டே இருந்தாள்.

விடிய நாலரைக்கு வயர் திரும்பி வந்தது,
முழங்கையில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு.
"அந்தப் பிள்ளை ஆருக்கு அழுதவ?"

லேஸைக் கழற்றி ரீசேர்ட்டோடு நின்றாள் ரொஸாரியா.
"ஆருக்கும் இல்ல ஐயா. பாட்டு."

தலையாட்டினார்.
"கனடாவில இருந்து போனில பாத்துக்கொண்டிருந்தவை.
ஆர் அங்க அழுகிறது எண்டு கேட்டவை."
படியில் இரண்டு இறங்கி நின்றார்.
"நான் ஒண்டும் சொல்லேல்ல."

முந்நூறு சீடி அடித்தோம்.
கேட்டவர்கள் ஆறாவதைத்தான் சொல்கிறார்கள்,
பேஸை நடுவில் வெட்டியது பெரிய துணிச்சலாம்.
உறையின் நன்றிப் பட்டியலில்
பெயர் தெரியாததால்
வயர் கொண்டுபோனவர் என்று போட்டிருக்கிறோம்.

போன கிழமை வெள்ளவத்தையில் மேடை.
ஆறாவது வந்ததும், பழகினபடி,
வயரைக் கழற்றினேன். டுப்.
சனம் கைதட்டியது.
பாட்டு முடியுமட்டும் எனக்கு வேலையில்லை.
இருட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்று
வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.