மாடிக்கு இருநூறு

இருபது லிட்டர் தண்ணீர்
தரையில் ஓர் எடை,
மூன்றாம் மாடியில் வேறோர் எடை,
எட்டாவதில்
அது தண்ணீரே இல்லை.

என் கணக்கு எளிது.
குடுவைக்கு அதன் விலை,
அதற்கு மேல் மாடிக்கு இருநூறு கியாட்.
முதல் மாடிக்காரர் சில்லறை தேடுவார்.
உயரத்தில் இருப்பவர்கள்
கயிற்று நுனியில் கிளிப்பில் கவ்விக்
காசை இறக்குவார்கள், கூடவே ஒரு மணி.
மணி ஆடினால் பத்துப் பால்கனியில்
தலை எட்டிப் பார்க்கும்,
என் கயிறா என்று.

ரங்கூனில் எங்கள் தெருவில்
மேலே போகப் போக வாடகை குறையும்.
அதனால்தான் நாங்கள் எட்டில்.
நூற்று முப்பத்தாறு படி.
குணவதி ஐந்தாவதில் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டே யாரையாவது திட்டுவாள்.
பெரும்பாலும் என்னை.

எதிர் மனை ஈராண்டு
தகரத்துக்குப் பின்னால் கிடந்தது.
மூங்கில் சாரம், பச்சை வலை,
தூங்க விடாத கலவை லாரி.
மனைக்காரருக்குப் பாதி, கட்டுகிறவருக்குப் பாதி
என்று பேச்சாம்.
எங்கள் அடுக்களையில் விழுந்த பகல்
யார் பங்கில் போனதென்று
இதுவரை யாரும் சொல்லவில்லை.

வலையை உரித்தபோது ஒன்பது மாடி.
கீழே மருந்துக்கடை, போன் கடை.
முதல் மாடியில் பல் டாக்டர்,
பக்கத்தில் ஜப்பான் மொழி வகுப்பு;
ஊரைவிட்டுப் போகிறவர்கள்
சாயங்காலம் அங்கே ஒரே குரலில் வணக்கம் சொல்லுவார்கள்.
அதற்கு மேல் வீடுகள்.
வாசல் கண்ணாடியில் ஒரு காகிதம்:
பால்கனியில் கயிறு தொங்கவிடக் கூடாது.
லிஃப்ட் உண்டு.

அங்கே மேலே போகப் போக
வாடகை ஏறுகிறது.

முதல் நாள் ஆறு குடுவையை உள்ளே வைத்துப்
பொத்தானை அமுக்கிவிட்டு
மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.
ஏழாவதில் டோ கின் லே நுவே
குடுவை விலையை மட்டும் எண்ணித் தந்தார்.
"ஏறினது லிஃப்ட்தானே?"
நியாயம்.
நியாயம் முதுகுக்கு நல்லது.
மாதக் கடைசியில்
அரிசிக் கடைக்காரரிடம்
முதுகைக் காட்டவா முடியும்?

இந்த ஊரில் மின்சாரம்
முறை வைத்து வரும்; சில நாள் முறையும் வராது.
ஜெனரேட்டர் டீசலுக்குப்
பாதி வீடுகள் பணம் கட்டவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றுவிட்டது.
உள்ளே நான், நாலு குடுவை,
மேலே என்னதான் இருக்கிறதென்று பார்க்க ஏறிய
ஜப்பான் வகுப்புப் பெண்.
பவளவல்லி என்றாள், தமிழில்.
இருட்டில் எண்ணத் தொடங்கினாள்:
இச்சி, நி, சன், ஷி.
பயமோ பாடமோ.
ஆளுக்கொரு குடுவைமேல் உட்கார்ந்தோம்.
"பரவாயில்லை அண்ணே,
தாகத்தில் சாகமாட்டோம்."
அவள் நூறைத் தாண்டி
எங்கேயோ தப்புவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து வந்தாள்.

காவலர் கோ ஸா மின்
இரும்புக் கம்பியால் கதவைப் பிளந்தார்.
அவள் கீழே குதித்து ஓடினாள்.
நான் மேலே,
தோளில் பழைய எடை.

ஏழாம் மாடியில் டார்ச் வெளிச்சம்.
டோ கின் லே நுவே ஒன்றும் பேசாமல்
இருநூறை ஏழால் பெருக்கினார்.
மீதி எடுக்க உள்ளே போனார்.
பால்கனிக் கம்பியில்
காகிதத்தில் எழுதியதற்கு விரோதமாக
ஒரு புது நைலான் கயிறு.

இங்கே கூரை உயரம்.
இவர்கள் ஏழு எங்கள் எட்டுக்கு நேர்.
எதிரே, கை நீட்டினால் தொடலாம் போல,
பேட்டரி விளக்கில் ஓர் அடுக்களை,
கம்பியில் என் மற்ற சட்டை.
என் வீட்டை நான்
வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.
இவ்வளவு சின்னதா.

குணவதி பால்கனிக்கு வந்து
கயிற்றை இறக்கத் தொடங்கினாள்,
கீரைக்கோ எதற்கோ.
கூப்பிட வாயெடுத்தேன்.
மணி அடித்தது.
எல்லோரையும் போல
நானும் எட்டிப் பார்த்தேன்.