நீடாமங்கலம் கேட்

அரையிறுதி தஞ்சாவூரில், பத்து மணிக்கு.
எட்டே முக்காலுக்கு
நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டான்.

வேனுக்குள் பதினாறு பெண்கள்.
இளவரசி முன் சீட்டில், ரிஸ்வானா கடைசியில்.
கேப்டன் பட்டையை ஒருத்தியிடம் கழற்றி
இன்னொருத்திக்கு மாட்டியது நான்தான்.
பத்து நாளாக
இவள் காலிலிருந்து அவள் காலுக்குப் பந்து போகவில்லை.
பலகையில் அம்புக்குறி போட்டேன்.
மைதானத்தை எட்டுச் சுற்று ஓடவிட்டேன்.
"டீம்னா என்னன்னு தெரியுமா?" என்று கத்தினேன்,
எனக்கு என்னவோ தெரிந்ததுபோல.

கூட்ஸ் வந்தது. நெல் மூட்டை வேகன்கள்.
எண்ணி முடிப்பதற்குள்
இன்ஜின் மாற்ற நின்றுவிட்டது.
வெக்கை.
கோல்கீப்பர் ஜெனிபர் யாரையும் கேட்காமல்
பந்தோடு இறங்கினாள்.
வைக்கோல் லாரிக்கும் நாகப்பட்டினம் பஸ்ஸுக்கும் நடுவே
செருப்புக் காலோடு ஒரு வட்டம்.
பந்து லாரிக்கு அடியில் உருண்டது.
இந்தப் பக்கம் ஒருத்தி குனிந்தாள்,
அந்தப் பக்கம் ஒருத்தி.
டயர்களுக்கு இடையே என்ன பேசினார்களோ.
சிரிப்பு மட்டும் வெளியே வந்தது,
கிரீஸ் அப்பிய பந்தோடு.

விசில் என் கழுத்தில்தான் கிடந்தது.
வாயருகே கொண்டுபோய்
விட்டுவிட்டேன்.

ஒன்றுக்கு மூன்று. தோற்றோம்.
அந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்:
இளவரசி திரும்பிப் பார்க்காமல்
குதிகாலால் பின்னுக்குத் தள்ளினாள்.
அங்கே ரிஸ்வானா இருந்தாள்.
அவள் அங்கே இருக்க வேண்டும் என்று
என் எந்த அம்புக்குறியும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போதும் கேட்.
டிரைவர் மரியசூசை ரயில்வேயையே திட்டினார்.
பின்னால் யாரோ முறுக்குப் பொட்டலம் பிரித்தார்கள்.
பட்டை யார் கையில் என்று எட்டிப் பார்த்தேன்.
ஜிப் அறுந்த பந்துப் பையின் வாயை
அதைக் கொண்டு கட்டியிருந்தார்கள்.