சிவப்பு இலக்கம்

முப்பத்தொரு வருஷம் மின்சார சபையில்
மானி வாசித்தேன்.
உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும்
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது
இன்னும் நினைவிருக்கிறது.
முதல் நாளே சொல்லித்தந்தார்கள்:
கறுப்பு இலக்கங்களை மட்டும் எழுது.
கடைசியில் சிவப்பாய் ஒன்று ஓடும்,
அது தசமம், அதை விடு.
விட்டேன்.
எத்தனை ஆயிரம் வீடுகளின் சிவப்பைப்
பார்த்தும் பாராமல் புத்தகத்தை மூடியிருப்பேன்.

இப்போது எனக்குச் சிவப்பு மட்டும்தான் மிச்சம்.

கண்டியில் வெட்டியெடுத்த ஆறாம் கிழமை
முதல் பீ.எஸ்.ஏ. றிப்போட் வந்தது.
0.01, அதற்கு முன்னால் ஒரு குறி,
மீன் வாய் திறந்ததுபோல.
"அதைவிடக் குறைவு" என்றார் டொக்டர் றிஸ்வி.
"பூச்சியமா?"
"பூச்சியம் என்று மெஷின் சொல்லாது.
தனக்குக் கண் எட்டவில்லை என்றுதான் சொல்லும்."
அன்றைக்குத் தவமலர்
விலை கேளாமல் விளைமீன் வாங்கினாள்.

ஆறு மாதத்தில் வாய் மூடிக்கொண்டது.
0.03.
வெறும் எண், முன்னால் ஒன்றுமில்லை.
பிறகும் 0.03.
நேற்று 0.05.

(பிரதான வீதிப் பாமசியில் இன்னும் நான்
பாரிசவாதக்கார மாமாவுக்கென்றுதான்
அந்தப் பொட்டலத்தைக் கேட்கிறேன்.
மாமா செத்துப் பத்து வருஷம்.
கடைப் பெடியனுக்கும் தெரியும்.
கறுப்புப் பையில் சுற்றித் தருகிறான்.)

டொக்டர் பேனையால் ஒரு கோடு கீறினார்.
"0.2 இங்கே. அதுவும் இரண்டு தரம் வந்தால்
கதிர் வைப்பதைப் பற்றிக் கதைப்பம்.
ஒரே லாபில் எடுங்க.
ஒரு இலக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க,
போகிற போக்கைப் பார்க்கணும்."

இதை எனக்கா சொல்வது?
ஒரு வாசிப்பு ஒன்றும் சொல்லாது.
போன மாதத்தைக் கழித்தால்தான்
அந்த வீட்டில் எவ்வளவு எரிந்ததென்று தெரியும்.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

தொண்ணூறில் சில தெருக்களில்
கழிக்கக் கழிக்கப் பூச்சியம் வந்தது.
வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன்.
கொடியில் ஒரு சட்டை
மாதக்கணக்காய் வெளுத்துக்கொண்டிருக்கும்.
மானியின் தட்டு அசையாது.
சிவப்பும் அசையாது.
அந்தப் பூச்சியங்களை எழுதக் கை வராது.
ஒருமுறை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
சின்னராசா ஓவசியர் வீட்டுக்கு
மூன்று யூனிட் என்று எழுதினேன்.
உள்ளே ஆட்கள் இருப்பதாய் இருக்கட்டும்.
பில்லைக் கேற்றில் செருகிவிட்டு
சைக்கிளை மிதித்தேன்.

அதே மனுஷன் இன்றைக்குப்
பூச்சியத்துக்கு ஏங்குகிறேன்.

வீட்டையே இடித்தாயிற்று, அத்திவாரத்தோடு.
பிறகும் தட்டுச் சுற்றுகிறதென்றால்
எங்கேயோ ஒரு கம்பி உயிரோடு.
எந்தச் சுவருக்குள் தேடுவது?
சுவர்தான் இல்லையே.

இரவு எல்லா சுவிச்சையும் நிறுத்தினேன்,
காற்றாடி, பிரிஜ், மோட்டர்.
டோர்ச்சோடு என் மானிக்கு முன்னால் நின்றேன்.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.
தட்டு ஓரத்துப் புள்ளி வருகிறதா என்று
ஆயிரத்து நூறுவரை எண்ணினேன்.
வந்தது,
மெல்ல, பிந்தி வந்த பிள்ளை
வகுப்புக்குள் நுழைவதுபோல.

"இருட்டில என்னப்பா செய்யிறியள்?"
"ஏதோ இழுக்குது."
உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
"சாமித்தட்டுச் சின்ன பல்ப்."

நிறுத்தட்டோ என்று அவள் கேட்கவில்லை.
நிறுத்து என்று நானும் சொல்லவில்லை.
மாசியில் அடுத்த ரத்தம்.
பிரிஜ்ஜைத் திரும்பப் போட்டாள்,
மீன் கிடக்குதாம்.